வீட்டில் ஒரு சிறு நகைத் தொழில்: கைவேலையும் கணக்கும்



விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பகுதிக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் அடுப்பு பட்டாசையும் தீப்பெட்டியையும் அச்சுத் தொழிலையும் நம்பியே எரிகிறது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளில் சில வாரம் வேலை நின்றுவிடும். மழை பிடித்தால் காயப்போட முடியாது. பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்த பின் வேலை நாட்களைப் பற்றிய கவலை கூடியது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக உயிர்ப் பயம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் பகுதி மறக்கவில்லை.

ஆகவேதான் "வீட்டிலிருந்தே செய்ய வேறு ஏதாவது தொழில் உண்டா?" என்று நம் பெண்கள் கேட்கிறார்கள். தையலுக்கு அடுத்தபடியாக அவர்கள் அதிகம் விரும்புவது மணி கோர்த்து நகை செய்யும் வேலை. இரண்டு நாள் வகுப்பில் கோர்க்கக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எதைச் செய்வது, என்ன விலை வைப்பது, எது ஹலாலான வியாபாரம், எது ஆபத்து என்பவற்றை இரண்டு நாளில் கற்க முடியாது. அவற்றையே இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

1. இது நம் மண்ணின் பழைய தொழில்

சிவகாசிக்கு அருகே வெம்பக்கோட்டை வட்டத்தில், வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் என்ற ஊர் உள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அங்கே அகழாய்வைத் தொடங்கிப் பல கட்டங்களாக நடத்தியது. கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், சுடுமண் அணிகள், தங்க அணிகள் ஆகியவற்றோடு சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. முழுமையாகச் செய்து முடித்தவற்றோடு அரைகுறையாக நின்றுபோன துண்டுகளும் கிடைத்தன. ஆகவே வளையல் அந்த ஊரிலேயே அறுக்கப்பட்டது என்று அறிகிறோம்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. சங்கு நம் கரிசல் மண்ணில் விளைவதில்லை. மன்னார் வளைகுடாக் கடலில் கிடைப்பது. சூதுபவளக் கல் குஜராத் பக்கத்துப் பொருள். அந்தப் பழைய கைவினைஞர்களிடம் கச்சாப்பொருள் இல்லை, கை இருந்தது. கடற்கரையிலிருந்து வந்த சங்கை வளையமாக அறுத்து, தேய்த்து, கோடு செதுக்கியபோது அதன் மதிப்பு கூடியது. கூடிய மதிப்பு அந்த ஊரிலேயே தங்கியது.

இதற்கு நேர்மாறான கதையும் நம் கடற்கரையிலேயே உள்ளது. பிற்காலத்தில் கீழக்கரை, தூத்துக்குடிப் பகுதிகளில் முஸ்லிம் முத்துக்குளிப்போரும் பரதவரும் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்கு கப்பலேறி வங்காளம் சென்றது. அங்குள்ள கைவினைஞர்கள்தான் அதை வளையலாக்கினார்கள். உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்குச் சங்கின் விலை மட்டும் கிடைத்தது. கைவேலை எங்கே நடக்கிறதோ அங்கேதான் வருமானம் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2. கூலி வேலையா, சொந்தத் தொழிலா?

சேலத்து வெள்ளிக் கொலுசு நாடறிந்தது. அங்கே பல வீடுகளே பட்டறைகள். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் வளையம் சேர்த்துப் பற்றவைப்பார்கள், வேறொரு வீட்டில் சலங்கை வைத்து மெருகேற்றுவார்கள். பெரும்பாலும் வெள்ளி வியாபாரியுடையது. வீட்டாருக்கு எடைக்கோ உருப்படிக்கோ கூலி. நம் பகுதியில் தீப்பெட்டி ஒட்டுவதும் இதே முறைதான்.

கூலி வேலையைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. முதல் தேவையில்லை, விற்கும் கவலையில்லை. ஆனால் விலையை வேறொருவர் வைப்பார், வடிவத்தை வேறொருவர் சொல்வார். ஆர்டர் நின்றால் வேலையும் நிற்கும். சொந்தத் தொழிலில் இந்த மூன்றும் நம் கையில் இருக்கும். அவற்றோடு நஷ்டமும் நம்முடையதே. இதைப் புரிந்துகொண்ட பிறகே இறங்க வேண்டும். முதல் ஆறு மாதம் கூலிக்குக் கோர்த்துக் கை பழகி, பிறகு சொந்தமாகத் தொடங்குவது பலருக்கும் ஏற்ற வழி.

3. எந்தப் பொருளில் தொடங்குவது?

தங்கத்தில் தொடங்குவது சிறு குடும்பத்துக்கு ஏற்றதல்ல. ஒரு சவரனுக்கு, அதாவது 8 கிராமுக்கு, ஆகும் பணத்தில் மணி நகைத் தொழிலையே தொடங்கிவிடலாம். உருக்கவும் பற்றவைக்கவும் பல ஆண்டுப் பயிற்சி தேவை. சேதாரக் கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் முதலே கரையும்.

வெள்ளி நடுத்தரமானது. நகைக்கு வழக்கமாகப் பயன்படுவது 925 வெள்ளி. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. ஆனால் கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். கந்தகம் புழங்கும் நம் ஊர்களில் இதை மறக்கக் கூடாது. வெள்ளிச் சாமானைக் காற்றுப் புகாத உறையில் வைத்து விற்பதும், கறுத்தால் எப்படித் துடைப்பது என்று ஒரு சீட்டில் எழுதித் தருவதும் நல்லது.

புதிதாகத் தொடங்குவோருக்குக் கண்ணாடி மணி, சுடுமண், காகிதம் ஆகிய மூன்றும் பொருத்தமானவை. சிவகாசி அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் நல்ல காகித ஓரங்களைச் சுருட்டி, பசை வைத்து, வார்னிஷ் பூசிக் கம்மல் செய்யலாம். நகை வைக்கும் அட்டைப் பெட்டியும் பெயர் அச்சிட்ட அட்டையும் நம் ஊரிலேயே கிடைக்கும். வெளியூர்க்காரர் இவற்றுக்குக் காத்திருக்க வேண்டும். நமக்கு அடுத்த தெருவில் இருக்கிறது.

நம் சமுதாயத்துக்கு மிகவும் பழக்கமானது கருகமணி. நிக்காஹ் வேளையில் மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது ஊர் வழக்கமே அன்றி மார்க்கக் கடமை அல்ல. ஆனால் தொழில் நோக்கில் பார்த்தால், எந்த நீளம், எந்த அளவு மணி, நடுவில் என்ன என்பதை நம் தாய்மார்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். வாங்குபவரின் ரசனையை அறிந்திருப்பதே பாதி முதல்.

4. வேலைப்பாட்டில் கவனிக்க வேண்டியவை

பதினெட்டு அங்குல மாலைக்கு 4 மில்லிமீட்டர் மணி ஏறக்குறைய 110 பிடிக்கும். உடைசலுக்கும் கோணல் மணிக்கும் பத்து கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி மணியின் துளை ஓரம் கூர்மையாக இருக்கும். சாதாரண நூலை நாளடைவில் அறுத்துவிடும். ஆகவே கியர் வயரில் கோர்த்து, இரு முனையிலும் கியர் லாக் வைத்துக் குறடால் நசுக்க வேண்டும். கோர்த்து முடித்ததும் இரு கையாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் வீட்டில் அறுவதைவிட நம் மடியில் அறுந்தால் நஷ்டம் குறைவு.

மாலையை வயரில் இறுக்கமாகப் பூட்டிவிட்டால் வளையாமல் விறைத்து நிற்கும். மிகத் தளர்த்தினால் வயர் தெரியும். ஒரு மணி அகலத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டு லாக் போடுவது நல்லது. கம்மலில் எடையே முக்கியம். பார்வைக்குப் பெரிதாகவும் காதுக்கு இலேசாகவும் இருக்க வேண்டும். காகிதமும் உள்ளீடற்ற மணியும் இதற்கு உதவும். மட்டமான உலோகக் கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும். பலருக்குக் காது அரித்துப் புண்ணாகும். மாலை மலிவானதாக இருந்தாலும் காதில் நுழையும் கம்பியை வெள்ளியிலோ தரமான ஸ்டீலிலோ வைப்பது நல்லது.

வடிவம் என்பது புதுமையாக எதையாவது செய்வதல்ல. யார் அணிவார், எதற்கு அணிவார், எந்த உடையோடு அணிவார் என்ற மூன்று கேள்விக்கு விடை சொல்வதே வடிவம். கல்லூரி மாணவிக்கு வேண்டியது வேறு, வலீமாவுக்குப் போகும் மூதாட்டிக்கு வேண்டியது வேறு. ஐந்தாறு வடிவங்களை மட்டும் எடுத்து, அவற்றைப் பிசிறில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யும் கைக்கே பெயர் நிற்கும்.

5. விலை வைக்கும் கணக்கு

நம் பெண்கள் அதிகம் நஷ்டப்படுவது இங்கேதான். மணி விலையை மட்டும் கூட்டி, அதன்மேல் ஐம்பது ரூபாய் வைத்து விற்றுவிடுகிறார்கள். தங்கள் உழைப்பு அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

மணி 40 ரூபாய், இடைமணிகள் 30, வயர், லாக், கொக்கி 20, பெட்டியும் உறையும் 15. பொருள் செலவு 105 ரூபாய். கோர்க்க ஒன்றரை மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்றால் கூலி 90. உடைசல், பஸ் கட்டணம், மின்சாரம் இவற்றுக்கு 20. அடக்கம் 215 ரூபாய். இதில் 35 ரூபாய் லாபம் வைத்தால் விலை 250.

வீட்டில் நேராக விற்றால் இது சரி. ஃபேன்சி கடைக்காரர் தமக்கு 30 சதவீதம் கழிவு கேட்டால் நம் கைக்கு வருவது 175 ரூபாய்தான். அடக்கத்தைவிட 40 ரூபாய் குறைவு. அது வேறு எங்கிருந்தும் வராது. நம் 90 ரூபாய்க் கூலியிலிருந்தே போகும். கடைக்கும் தர வேண்டுமென்றால் விலையைத் தொடக்கத்திலேயே 310 என்று வைக்க வேண்டும். அல்லது பத்து மாலைக்கு வேண்டியதை ஒரே மூச்சில் எடுத்துவைத்துக் கோர்த்து, மாலைக்கு ஒரு மணி நேரமாகக் குறைக்க வேண்டும். அப்போது அடக்கம் 185. 270 ரூபாய் விலையிலும் கழிவு போக 189 கைக்கு வரும்.

இதற்கு ஒரு நோட்டுப் போதும். வாங்கியது, செய்தது, விற்றது, பாக்கி என நான்கு பத்தி இருக்கட்டும். பாக்கியை உடனுக்குடன் எழுதுங்கள். சொந்தக்காரர் என்று எழுதாமல் விட்டால் பணமும் போகும், உறவும் போகும். குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை நினைவில் கொள்வோம்.

6. முதலுக்கு எங்கே போவது?

மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைத்துத் தொழில் தொடங்குவது நம் வீடுகளில் நடக்கிறது. வட்டி விலக்கப்பட்டது என்பது ஒருபுறம். மஹராகவும் அன்பளிப்பாகவும் வந்த நகை அந்தப் பெண்ணின் சொந்தச் சொத்து என்பது மறுபுறம். அவள் மனமொப்பித் தராமல் கணவனோ மாமியாரோ அதை எடுக்க உரிமையில்லை. மணி நகைக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். சேமிப்பிலிருந்து தொடங்குவதே நல்லது. இல்லாவிட்டால் பைத்துல்மால் உள்ள ஜமாஅத்தில் வட்டியில்லாக் கடன் கேட்கலாம்.

உத்யம் பதிவு கட்டணமில்லாதது; ஆதாருடன் கணினியில் செய்துகொள்ளலாம். மாநிலத்துக்குள் பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் கணக்கரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொற்கொல்லர் வேலை செய்வோர் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். பயிற்சியும் கருவிகளுக்கு 15,000 ரூபாய் உதவியும் அதில் உண்டு. அதன் கடன் பகுதி வட்டியுடன் கூடியது என்பதை அறிந்து முடிவெடுங்கள்.

7. அளவும் நிறையும் பெயரும்

அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்துக் குர்ஆனில் தனி அத்தியாயமே உள்ளது. அது 83ஆவது அத்தியாயம். நகைத் தொழிலில் மோசடிக்கு எடைக்கல் மட்டும் வாசலல்ல, பெயரும் வாசல். பித்தளையின் மேல் மெல்லிய முலாம் பூசியதைக் கவரிங் என்று சொல்லி விற்றால் வியாபாரம். அதையே "தங்கம் மாதிரிதான்" என்று மழுப்பினால் ஏமாற்று. முலாம் எத்தனை நாள் நிற்கும், தண்ணீர் படலாமா என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடைக்கு விற்கும் பொருளானால் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும்.

தங்கம் வாங்கும்போதும் இந்த அறிவு நமக்கு உதவும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். முத்திரை, 22K916 போன்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு. அந்தக் குறியீட்டைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். "கேடிஎம்" என்பது காட்மியம் கலந்த பற்றவைப்பைக் குறித்த பெயர். தர முத்திரை அல்ல. காட்மியப் புகை செய்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பழைய நகையைக் கொடுத்துப் புதியது எடுக்கும்போது ஒரு மார்க்கச் சட்டம் உண்டு. தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் எடை சமமாகவும் கைக்குக் கை உடனடியாகவும் இருக்க வேண்டும். மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு மரக்கால் கொடுத்து உயர்ந்தது ஒரு மரக்கால் வாங்கிய பிலால் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, முதலில் விற்று அந்தப் பணத்தில் வாங்கும்படி கற்பித்த செய்தியை ஆலிம்கள் இதற்கு எடுத்துச் சொல்வார்கள். ஆகவே பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகே புதியதை எடுங்கள். தங்கத்தைத் தவணைக்கு விற்பதும் வாங்குவதும் பற்றி உங்கள் இமாமிடம் கேளுங்கள். கண்ணாடி மணிக்கும் காகிதத்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை. புதியவர்கள் அவற்றில் தொடங்க இதுவும் ஒரு காரணம்.

8. ஜகாத் கணக்கு

அணியும் நகைக்கும் விற்கும் நகைக்கும் சட்டம் வேறு. பெண் அணியும் தங்க, வெள்ளி நகைக்கும் நிஸாபை எட்டினால் ஜகாத் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். அனுமதிக்கப்பட்ட அளவில் அணியும் நகைக்கு இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபில் நிலைபெற்ற கருத்து. நம் பகுதியில் இரு மத்ஹபினரும் இருப்பதால் ஒருவரையொருவர் குறை சொல்ல வேண்டியதில்லை. வியாபாரச் சரக்குக்கு ஜகாத் உண்டு என்பதில் நான்கு மத்ஹபும் ஒன்றே. கண்ணாடி மணியாக இருந்தாலும் விற்பனைக்கென்று வைத்திருந்தால் அது சரக்குத்தான்.

ஆண்டு நிறைவில் செய்து முடித்த நகை 1,20,000 ரூபாய், மணியும் பொருளும் 40,000, ரொக்கம் 60,000, வரும் என்று நம்பக்கூடிய பாக்கி 20,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,40,000. மொத்தக் கடைக்குத் தர வேண்டிய 40,000ஐ ஹனஃபி முறைப்படி கழித்தால் 2,00,000. இது நிஸாபைத் தாண்டியிருந்தால் இரண்டரை சதவீதம், அதாவது 5,000 ரூபாய் ஜகாத். குறடு, தராசு, மேசைக்கு ஜகாத் இல்லை. நிஸாப் என்பது தங்கத்தில் 85 கிராம் என்றும் 87.48 கிராம் என்றும், வெள்ளியில் 595 கிராம் என்றும் 612.36 கிராம் என்றும் கணக்கிடப்படுகிறது. எதை எடுப்பது என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. உயிருக்கு மிஞ்சிய தொழில் இல்லை

சூதுபவளமும் அகீக் கல்லும் பட்டை தீட்டும் தொழிலுக்குக் குஜராத்தின் காம்பாத் பெயர்பெற்றது. நம்மவர் விரும்பி அணியும் மோதிரக் கல்லில் பலவும் அப்படி உருவானவை. வீட்டு முற்றத்தில் உலர்வாகக் கல் தேய்த்தபோது பறந்த தூசி, அங்கே தொழிலாளர் பலருக்குச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தந்தது. தேய்ப்பவர் மட்டுமல்ல, அருகில் குடியிருந்தோரும் பாதிக்கப்பட்டனர். ஆகவே கல்லைத் தீட்டியதாகவே வாங்குங்கள், வீட்டில் தேய்க்காதீர்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கை உண்டு. இந்தப் பாடத்தில் மற்றெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வெள்ளி பற்றவைக்க நெருப்பு வேண்டும். வீட்டில் பட்டாசு மருந்து வைப்பதோ திரி சுற்றுவதோ சட்டப்படி குற்றம். ஆனாலும் சில தெருக்களில் இரகசியமாக நடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலோ அதன் சுவரை ஒட்டிய வீட்டிலோ ஊதுகுழலோ கேஸ் டார்ச்சோ பற்றவைக்கவே கூடாது. ஆலையிலிருந்து வந்தவர் மருந்து படிந்த உடையோடு பட்டறைக்குள் வரக் கூடாது. நெருப்பில்லாத மணிக் கோர்ப்பும் காகித வேலையும் நம் பகுதிக்கு ஏற்றவை என்று நாம் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். அமிலம், வார்னிஷ், சிறு மணிகள் ஆகியவற்றைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

10. தொடங்குவோருக்கு மூன்று மாதத் திட்டம்

முதல் மாதம் மூன்று வடிவங்களை மட்டும் கற்று, ஒவ்வொன்றிலும் பத்து செய்யுங்கள். செய்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். உறவினருக்குச் சும்மா கொடுக்காதீர்கள். அடக்க விலைக்காவது கொடுங்கள்.

இரண்டாம் மாதம் விற்றுப் பாருங்கள். எது போகிறது, எது நிற்கிறது, எது அறுந்து திரும்பி வருகிறது என்று குறித்து வையுங்கள். திரும்பி வந்ததைப் பேசாமல் வாங்கிச் சரிசெய்து கொடுங்கள்.

மூன்றாம் மாதம் நோட்டைக் கூட்டிப் பாருங்கள். பொருள் செலவு போக உங்கள் மணிக்கூலி எவ்வளவு நின்றது? தீப்பெட்டி ஒட்டும் கூலியைவிடக் குறைவாக இருந்தால் விலையையோ வடிவத்தையோ மாற்றுங்கள். மாற்றியும் கூடவில்லை என்றால் நிறுத்திவிடுவதில் வெட்கமில்லை. கூடியிருந்தால், பக்கத்து வீட்டு விதவைச் சகோதரி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குரிய கூலியை வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக.